தெனாரை மீட்டவர் யார்?

உர்சுலா கே. லெ குவின் எழுதிய எர்த்ஸீ நாவல் வரிசையில் இரண்டாவது 'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்'. 1968-இல் வந்த 'எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ'க்கும் 1972-இல் வந்த 'தி ஃபார்தஸ்ட் ஷோரு'க்கும் நடுவில், 1971-இல் வெளியானது. 1990-இல் 'தெஹானு' வரும்வரை இந்த மூன்றும் ஒரு முத்தொகுதியாகவே படிக்கப்பட்டன. அதனால் இந்த நாவல் 'நடுப்புத்தகம்' என்ற பெயரோடேயே வளர்ந்தது. நடுப்புத்தகங்கள் மீது வழக்கமாக ஏற்றப்படும் குறைகளும் கேள்வியின்றி இதன்மீது ஏற்றப்பட்டன.

மிகுபுனைவு வாசகர்களிடையே இந்நாவலைப் பற்றிப் பரவலாக உள்ள மதிப்பீட்டை மூன்று குற்றச்சாட்டுகளாகத் தொகுக்கலாம். இது முதல் நாவலையும் மூன்றாவதையும் இணைக்கும் பாலம் மட்டுமே என்பது ஒன்று. கதை நகரவில்லை, முதல் நாவலின் நாயகனான மந்திரவாதி கெட் பாதிப் புத்தகம்வரை தலைகாட்டுவதே இல்லை என்பது இன்னொன்று. இருட்டில் அடைபட்ட ஒரு பெண்ணை வெளிச்சத்தோடு வந்த ஆண் மீட்கும் பழைய கதைதான் இது என்பது மூன்றாவது. முதல் இரண்டும் பொறுமையற்ற வாசிப்பின் விளைவு. மூன்றாவது கனமான குற்றச்சாட்டு, ஆனாலும் நாவலின் நிகழ்வுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அதுவும் நிற்பதில்லை. எர்த்ஸீ வரிசை தன் முழு ஆழத்தை எட்டியது இந்த நாவலில்தான். பின்னால் வந்த நாவல்கள் வளர்ந்ததும் பெரும்பாலும் இதன் வேரிலிருந்துதான்.

பாலம் என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். மிகுபுனைவுக்கு மூன்று புத்தகங்கள் என்ற வழக்கத்தை நிலைநிறுத்தியது டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'. அது ஒரே கதையாக எழுதப்பட்டது. போருக்குப் பிந்தைய பிரிட்டனில் அத்தனை பெரிய நூலை ஒரே தொகுதியாக அச்சிடும் செலவைப் பதிப்பகம் தாங்க முடியாததால், 1954-55-இல் மூன்று தொகுதிகளாக வெளியானது. அப்படி வெட்டப்பட்ட கதையின் நடுத்துண்டுக்குத் தொடக்கமும் முடிவும் இல்லாமல் இருப்பது இயல்பு. அந்த அளவுகோலை எர்த்ஸீக்குப் பயன்படுத்துவது பிழை. லெ குவின் முதல் நாவலை எழுதியபோது முத்தொகுதித் திட்டம் எதுவும் அவரிடம் இல்லை. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இயங்கிய பார்னாசஸ் பிரஸ், வளரிளம் வாசகர்களுக்கு ஒரு நூல் கேட்டது. அவர் எழுதிக் கொடுத்தார். அந்தக் கதை தன்னளவில் முடிந்துவிடுகிறது. இரண்டாவது நாவலும் அப்படியே: ஒரு குழந்தை வீட்டைவிட்டுக் கொண்டுசெல்லப்படுவதில் தொடங்குகிறது, அவள் வளர்ந்து ஒரு புதிய ஊருக்குள் நடந்து நுழைவதில் முடிகிறது. முதல் நாவலைப் படிக்காதவருக்கும் இதில் புரியாதது எதுவும் இல்லை. 1972-இல் அமெரிக்கக் குழந்தை இலக்கியத்துக்கான நியூபெரி ஹானர் சிறப்பு இதற்குக் கிடைத்தது ஒரு தொடரின் பகுதி என்பதற்காக அல்ல, தனி நூலாகத்தான்.

இரு நாவல்களுக்கும் இடையே ஒரு பொருள் கைமாறுகிறது என்பது உண்மை. முதல் நாவலில் கடல் நடுவே ஒரு மணல்திட்டில் கைவிடப்பட்டிருந்த மூதாட்டி ஒருத்தி கெட்டிடம் உடைந்த வளையத்தின் பாதியைக் கொடுக்கிறாள். அவன் தேடிவரும் மறுபாதி அட்டுவானின் கல்லறைகளுக்கு அடியிலுள்ள கருவூலத்தில் கிடக்கிறது. எர்ரெத்-அக்பேயின் வளையம் எனப்படும் அதில், தீவுகளை ஒன்றாக ஆளும் அமைதியின் குறியெழுத்து முறிந்துபோயிருக்கிறது. ஆனால் வளையத்தைவிடப் பெரிய ஒரு மாற்றம் இரு நாவல்களுக்கும் இடையே நடக்கிறது. முதல் நாவலின் தொடக்கத்தில் கெட்டின் மலைக்கிராமத்தைக் கொள்ளையடிக்க வருபவர்கள் கார்காட் தீவுகளைச் சேர்ந்த வெள்ளைத்தோல் வீரர்கள். அங்கே அவர்களுக்கு முகமில்லை, வெறும் எதிரிகள். இரண்டாவது நாவல் வாசகரை அந்த எதிரியின் தீவான அட்டுவானுக்கே கொண்டுபோய், அவர்களுடைய ஒரு பெண்குழந்தையின் மனதுக்குள் உட்கார வைக்கிறது. அங்கிருந்து பார்க்கும்போது, செம்புநிறத் தோலும் மந்திரக்கோலும் கொண்ட கெட்தான் அந்நியன், திருடன், தெய்வ நிந்தனை செய்பவன். தன் முந்தைய நூலின் நாயகனையே எதிர்த்தரப்பின் கண்ணால் பார்க்க வைக்கும் நாவலைப் பாலம் என்று சொல்வது, அதில் நடப்பதைப் பார்க்க மறுப்பதற்குச் சமம்.

அடுத்தது, கதை நகரவில்லை என்ற புகார். முதல் நாவலில் கெட் கோண்ட் தீவிலிருந்து ரோக் தீவின் மந்திரப்பள்ளிக்கும், பெண்டாரின் டிராகன்களிடமும், வடக்கே ஓஸ்கிலுக்கும், கிழக்கே உலகின் எல்லைக்கு அப்பாலும் போகிறான். இரண்டாவது நாவலின் பெரும்பகுதி ஒரே இடத்தில் நிகழ்கிறது. பாலைநிலத்துக் குன்று, அதன்மேல் சில சாய்ந்தும் சில விழுந்தும் கிடக்கும் ஒன்பது கருங்கற்கள், சுற்றிலும் ஒரு மதில், ஆண்கள் நுழையக் கூடாத கோயில் வளாகம். கெட் வருவது பன்னிரண்டு அத்தியாயங்களில் ஐந்தாவதில்தான். இந்த அமைப்பைக் குறை என்பவர்கள், அது எதற்காக என்று கேட்பதில்லை.

நாயகி பிறந்தபோது அவளுக்கு வைத்த பெயர் தெனார். கல்லறைகளின் தலைமைப் பூசாரிணி இறந்த இரவில் பிறந்ததால், அவளுடைய மறுபிறவி என்று அடையாளம் காணப்பட்டு, ஐந்து வயதில் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்படுகிறாள். ஆறு வயதில் நடக்கும் சடங்கில் அவளைப் பலிகொடுப்பதுபோல வாளை ஓங்குகிறார்கள். அதன்பின் அவளுக்குப் பெயரே இல்லை. 'விழுங்கப்பட்டவள்' என்ற பொருளில் அர்ஹா என்று அழைக்கப்படுகிறாள். அவளை விழுங்கியவை பெயரிலிகள் என்ற இருட்சக்திகள். அவள் உலகம் அந்த மதிலுக்குள் இருப்பது மட்டும்தான். அவளுக்குத் தெரியாத எதையும் வாசகருக்குக் காட்டாமல், அந்த ஒடுக்கத்தை நான்கு அத்தியாயங்கள் நீட்டிப்பதன் மூலம் லெ குவின் வாசகரையும் உள்ளே அடைக்கிறார். சிறை என்பது பழகிப்போன வீடாக எப்படி ஆகிறது என்பதை வேகமாகச் சொல்ல முடியாது. முதல் நாவலின் பயண வேகத்தில் இதை எழுதியிருந்தால், அர்ஹா தன் அடிமைத்தனத்தைத் தன் பெருமையாக நம்புவது வாசகருக்கு ஒரு தகவலாக மட்டுமே எட்டியிருக்கும்.

நாவலின் மையத்தில் உள்ள ஒரு காட்சியே இதற்குச் சான்று. கல்லறைகளுக்கு அடியிலுள்ள குகையில் விளக்கு கொண்டுவருவது பாவம். அர்ஹா அந்தக் குகையை விரலாலும் காலாலும் காற்றின் அசைவாலும் மட்டுமே அறிந்தவள். அதை அடுத்துள்ள புதிர்வழியின் திருப்பங்களை எண்ணி எண்ணி மனப்பாடம் செய்தவள். ஒருநாள் அங்கே போகும்போது வெளிச்சம் தெரிகிறது. கெட்டின் மந்திரக்கோல் முனையில் எரியும் ஒளி. தன்னுடையது என்று ஆண்டாண்டுகளாக நினைத்திருந்த குகையை முதன்முறையாகக் கண்ணால் பார்க்கிறாள். சுவரெங்கும் படிகங்கள் மின்னுகின்றன. வெண்சுண்ணாம்புக் கல் நுண்ணிய வேலைப்பாடுகளாகத் தொங்குகிறது. இருட்டை வணங்கச் சொன்னவர்கள் அவளிடமிருந்து மறைத்தது ஓர் அழகு என்பது அந்த ஒரு நொடியில் தெரிந்துவிடுகிறது. நான்கு அத்தியாயங்களின் இருட்டில் இருந்து பழகிய வாசகருக்கே இந்த ஒளி கண்ணைக் கூசச் செய்யும். மெதுவான தொடக்கம் இந்த நொடிக்கான விலை, அந்த விலைக்கு முழுப் பயனும் கிடைக்கிறது.

நாயகன் தாமதமாக வருகிறான் என்பதற்கும் இதுவே பதில். நாயகி முதல் பக்கத்திலிருந்தே இருக்கிறாள். நாவல் கெட்டின் கதை என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டவருக்குத்தான் அவன் இல்லாத பக்கங்கள் வெற்றிடமாகத் தெரியும்.

இனி முக்கியமான குற்றச்சாட்டு. ஆண் வருகிறான், பெயரைத் தருகிறான், வெளியே அழைத்துப் போகிறான். தெனார் மீட்கப்படும் பொருளாக மட்டும் இருக்கிறாள் என்பது அது. பெண்ணிய நோக்கில் எழுந்த இந்தக் கேள்வி மதிப்புக்குரியது. ஆனால் அது நாவலின் கடைசிப் பகுதியிலிருந்து தொடங்குகிறது. அர்ஹாவின் மாற்றமோ கெட் வருவதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது.

மூன்றாவது அத்தியாயத்தில், கார்காட் தீவுகளை ஆளும் கடவுள்மன்னன் மூன்று கைதிகளைப் பலிக்காக அனுப்புகிறான். தலைமைப் பூசாரிணி என்ற முறையில் அவர்கள் எப்படிச் சாக வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டியவள் அர்ஹா. வளரிளம் பருவத்தைக்கூடக் கடக்காத அந்தப் பெண், அவர்களுக்குச் சோறும் தண்ணீரும் கொடுக்க வேண்டாம் என்று கட்டளையிடுகிறாள். அதன்பின் அவளுக்கு நோய் வருகிறது, கனவுகள் வருகின்றன. ஒரு கனவில் பெரிய கலங்களில் கூழ் காய்ச்சி அத்தனையையும் தரையிலுள்ள குழிக்குள் கொட்டுகிறாள். இன்னொன்றில், நிறைந்த நீர்க்கிண்ணத்தை ஏந்தி, தாகத்தில் தவிக்கும் யாரையோ தேடி இருட்டில் நடக்கிறாள். அவனிடம் போய்ச் சேரவே முடிவதில்லை. எந்த ஆணும் அவளுக்கு அறம் சொல்லித் தருவதற்கு முன்பே, அவள் மனசாட்சி அவளிடம் பேசத் தொடங்கிவிட்டது. பின்னர் கெட் புதிர்வழியில் தாகத்தால் சரிந்து கிடக்கும்போது அவள் அவனுக்குத் தண்ணீர் தருகிறாள். அந்தக் கிண்ணம் கனவிலிருந்து வெளியே வந்துவிட்டது. அவனை வாழவிடும் முடிவு அவன் கேட்டுப் பெற்றது அல்ல. மூவரைக் கொன்ற குற்ற உணர்வு அவளுக்குள் முதிர்ந்து எடுத்த முடிவு.

இரண்டாவது விரிசல் நான்காவது அத்தியாயத்தில் விழுகிறது. உடன் வளரும் பெந்தே என்ற பெண்ணுக்கு வழிபாட்டில் ஆர்வமில்லை. ஆப்பிளும் சிரிப்பும் பிடிக்கும். கடவுள்மன்னன் என்பவனும் வழுக்கை விழுந்த, மற்றவர்களைப்போலவே கால்நகம் வெட்டிக்கொள்ளும் மனிதன்தான் என்று அவள் போகிறபோக்கில் சொல்கிறாள். ஒருவரால் நம்பாமலும் இருக்க முடியும் என்பதே அர்ஹாவுக்கு அதிர்ச்சி. மூன்றாவது விரிசல் மூத்த பூசாரிணி கொசிலால் வருகிறது. அவளுக்கு அதிகாரத்தின் மீது மட்டுமே பற்று. பெயரிலிகள் மீது உண்மையான பக்தி கிடையாது என்பதை அர்ஹா மெல்லக் கண்டுகொள்கிறாள். கெட் வரும்போது அவள் நம்பிக்கை ஏற்கெனவே மூன்று இடங்களில் உடைந்திருக்கிறது.

அவன் வந்தபின் நடப்பவற்றையும் வரிசையாகப் பார்க்க வேண்டும். இரும்புக் கதவை அடைத்து அவனைச் சிறைப்பிடிப்பவள் அவள். பார்வைத் துளைகள் வழியாக அவனைக் கண்காணிப்பவள் அவள். கொசில் அவனைக் கொல்ல நினைக்கும்போது, தன் காவலன் மனானைக் கொண்டு பொய்யான குழி தோண்டச் செய்து, அவன் ஒழிந்தான் என்று நம்பவைத்து, தன்னைத் தவிர யாரும் நுழையக் கூடாத கருவூலத்தில் ஒளித்து வைப்பவளும் அவள்தான். கெட்டின் ஆற்றல் முழுவதும் பெயரிலிகள் தன்னை நசுக்காமல் தடுத்து நிற்பதிலேயே செலவாகிறது. அவளில்லாமல் தன்னால் வெளியேற முடியாது என்பதை அவனே அவளிடம் சொல்கிறான். புதிர்வழியின் திருப்பங்களை அறிந்தவள் அவள் ஒருத்திதான். வெளியே வரும்போது வழிகாட்டுவது அவள். அதே நேரத்தில் இருட்சக்திகளின் சீற்றத்தில் குகை அவர்கள்மேல் இடிந்துவிழாமல் தாங்குவது அவன். இருவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் மற்றவர் அங்கேயே புதைந்திருப்பார். பிற்காலப் பதிப்பு ஒன்றின் பின்னுரையில் லெ குவின் இந்தக் குற்றச்சாட்டை நேராகவே எதிர்கொண்டார்: அந்தப் பொறியிலிருந்து ஆணோ பெண்ணோ தனியாகத் தப்புவதைத் தன் கற்பனை ஏற்கவில்லை என்றார். கதையின் நிகழ்வுகள் அவர் சொன்னதற்கே சாட்சி. ஒருவரையொருவர் நம்புவதைத்தான் நாவல் விடுதலைக்கான வழியாகக் காட்டுகிறது.

பெயர் விஷயத்திலும் இதே கவனம் தேவை. தெனார் என்ற பெயரைக் கெட் படைத்துக் கொடுக்கவில்லை. நாவலின் முன்கதையில், ஆப்பிள் தோட்டத்தில் அந்தி நேரத்தில் அவள் தாய் அழைக்கும் பெயர் அது. அதை அவளிடமிருந்து பறித்தது கோயில். மந்திரவாதி தன் கலையால் அதை அறிந்து திருப்பித் தருகிறான். அதை ஏற்பதா, அர்ஹாவாகவே நீடிப்பதா என்ற தேர்வு அவள் கையில் விடப்படுகிறது. இரண்டாகவும் இருக்க முடியாது என்று மட்டும்தான் அவன் சொல்கிறான்.

இதன் துணைக்குற்றச்சாட்டாக, பெண்களின் வழிபாடு இருளாகவும் ஆண்களின் மந்திரம் ஒளியாகவும் காட்டப்படுகிறது என்ற வாதமும் உண்டு. கல்லறைகளில் பெண்களின் ஆட்சி நடப்பதாகத் தோன்றலாம், உண்மை வேறு. அதிகாரம் அவபாத் நகரில் உள்ள கடவுள்மன்னனிடம் இருக்கிறது. அவன் தன் எதிரிகளைச் சாகடிக்க மட்டும் கைதிகளை இங்கே அனுப்புகிறான். அந்தப் பெண்களுக்கு மிஞ்சியது பழைய கட்டடங்களும், வெளியுலகத்தோடு தொடர்பற்ற வாழ்வும், ஒருவரையொருவர் அடக்குவதும்தான். ஓர் ஆட்சி தனக்குத் தேவையான கொடுமையைச் செய்ய ஒரு சிறுமியைப் புனிதப்படுத்தி வைத்திருக்கிறது என்பதே நாவலின் விமர்சனம். மேலும், பெயரிலிகள் பொய் என்று கெட் எங்கும் சொல்வதில்லை. அவை உண்டு, அவற்றை மறுக்கவும் கூடாது, வணங்கவும் கூடாது என்பதே அவன் நிலை. இருளை இல்லையென்று சொல்லாத ஒரு கதையை ஒளிக்கும் இருளுக்குமான எளிய போராகச் சுருக்க முடியாது.

முடிவைப் பற்றியும் புகார் உண்டு: தெனார் கெட்டின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தையைப்போல ஹாவ்னோர் நகரின் தெருக்களில் நடக்கிறாள், இதுவா விடுதலை என்பது அது. அதற்கு முந்தைய பக்கங்களைப் படித்தவர் இப்படிக் கேட்கமாட்டார். கல்லறைகள் இடிந்து விழுந்தபின் மலைகளைத் தாண்டிக் கடற்கரைக்கு வந்ததும், தெனார் கத்தியை எடுத்துக்கொண்டு கெட்டைக் கொல்ல நெருங்குகிறாள். மிகுபுனைவுகளில் மீட்கப்பட்ட பெண்கள் நன்றியோடு அழுவதுதான் வழக்கம். இங்கே அவள் வெறுப்போடு நிற்கிறாள், ஏனென்றால் அவளை வழிநடத்திய எல்லாமே போய்விட்டது; இனி அவள் செய்வது எல்லாம் அவளுடையது. கத்தியைக் கைவிட்டபின் அவள் அழுவதும் மகிழ்ச்சியால் அல்ல. செத்த மூன்று கைதிகளுக்காகவும், புதிர்வழியின் பாழ்குழிக்குள் விழுந்து மாண்ட மனானுக்காகவும் தன்னை ஆளில்லாத தீவில் விட்டுவிடும்படி கேட்கிறாள். விடுதலையைப் பரிசாக எண்ணியவளுக்கு அது சுமையாகத் தெரிகிறது; அந்தச் சுமையைத் தானே தூக்க வேண்டும் என்றும் தெரிகிறது. இவ்வளவு நேர்மையாகக் குற்றத்தையும் சுதந்திரத்தையும் ஒன்றாக வைத்துப் பேசும் பக்கங்கள் வளரிளம் வாசகர்களுக்கான நூல்களில் அரிது. ஐந்து வயதில் தாயின் கையிலிருந்து பிரிக்கப்பட்டவள் ஒரு கையை நம்பிப் பிடிப்பது இத்தனையையும் கடந்த பிறகுதான். பளபளக்கும் ஹாவ்னோரில் அவள் தங்கவும் போவதில்லை. கோண்ட் தீவில் கெட்டின் ஆசான் ஓகியனிடம் போய் அமைதியாக வாழ்வது என்று தீர்மானமாகிவிட்டது.

வரிசையின் பிற்பகுதியைப் பார்த்தால் இந்நாவலின் இடம் இன்னும் தெளிவாகிறது. 'தெஹானு'வின் மையப் பாத்திரம் தெனார்தான். நடுவயது விதவையாக, தீயில் சுட்டெரிக்கப்பட்ட ஒரு குழந்தையை எடுத்து வளர்க்கிறாள். அங்கே கெட் தன் ஆற்றலை இழந்து திரும்பி வந்தவன். மந்திரவாதிகளின் உலகில் பெண்களுக்கு இடமில்லாதது ஏன் என்று அந்த நாவல் கேட்கிறது. அட்டுவானில் வளர்ந்த, மந்திரத்தை எப்போதும் வெளியாளின் கண்ணோடு பார்த்த ஒருத்தியால்தான் அந்தக் கேள்வியை இயல்பாகக் கேட்க முடியும். 2001-இல் வந்த 'தி அதர் விண்ட்' இன்னும் ஒரு படி மேலே போகிறது. இறந்தவர்கள் அலையும் வறண்ட நிலம் மந்திரவாதிகளின் பழைய பிழையால் உண்டானது. மறுபிறப்பை நம்பிய கார்காட் மக்கள் மரணத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் என்று அது காட்டுகிறது. நடு நாவலில் காட்டுமிராண்டித்தனமாகத் தோன்றிய நம்பிக்கைக்குள் உலகின் பெரிய உண்மை ஒன்று இருந்திருக்கிறது. வரிசையின் முடிவுக்கான விதை அட்டுவானில் ஊன்றப்பட்டது.

முதல் இரு நாவல்களையும் ஒன்றாகக் கலந்து 2004-இல் அமெரிக்காவின் சை ஃபை சேனல் எடுத்த குறுந்தொடர் இதற்கு எதிர்ச்சான்று. தன் பாத்திரங்களின் தோல்நிறத்தை மாற்றி, பெரும்பாலோரை வெள்ளையராக்கியதை லெ குவின் வெளிப்படையாகவே கண்டித்தார். இரு கதைகளையும் ஒரே ஓட்டத்தில் பின்னியதால் வேறொன்றும் தொலைந்தது: எதிரியின் நாட்டில், எதிரியின் குழந்தையாக, ஒரு நாவல் நீளத்துக்கு இருட்டில் வாழ்ந்து பார்க்கும் அனுபவம். நடு நாவலைப் பாலம் என்று கருதி அதன் தனிமையைக் கலைத்தால், மிஞ்சுவது ஒரு மந்திரவாதியின் சாகசம் மட்டுமே.

நடுவில் வந்த நாவலை முன்னும் பின்னும் உள்ளவற்றைக் கொண்டு மட்டும் அளப்பது வாசகரை ஏமாற்றும் அளவுகோல். 'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்' குறுகிய இடத்தில் நிகழ்வது அதன் நாயகியின் உலகம் குறுகியதாக இருந்ததால்தான். மெதுவாகத் தொடங்குவது ஒரு நம்பிக்கை உடைய எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதைக் காட்டுவதற்காகத்தான். தெனாரை மீட்டவர் யார் என்ற கேள்விக்கு நாவல் தரும் பதில் தெளிவானது. அவளை முதலில் உலுக்கியது அவளுடைய மனசாட்சி. கதவைத் திறந்தது அவளும் அவனும் ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கை. அதன்பின் வந்த வாழ்வுக்குப் பொறுப்பேற்றவள் அவளே. இதை ஆண் பெண்ணை மீட்ட கதை என்று சுருக்குபவர்கள், அவள் எடுத்த முடிவுகள் ஒவ்வொன்றையும் அவளிடமிருந்து இன்னொருமுறை பறிக்கிறார்கள்.